ஏழு தலையசைப்புக்கு ஏழு பாட்டு

எதெல்வீனாவின் குரலுக்கு நான் கொடுத்த விலை பதினெட்டு மீட்டர் கறுப்புச் சாட்டின். அவள் கேட்டது இருபத்தைந்து. நான் பன்னிரண்டில் ஆரம்பித்தேன். இரண்டு பேர் கோப்பையிலும் காப்பி ஆறி ஆடை கட்டும்வரை இழுபறி நடந்து, கடைசியில் பதினெட்டு மீட்டரும் அதற்கான உள்துணியும் என்று கை குலுக்கினோம். அதற்கு ஈடாக அவள் மூன்று மாதம், செவ்வாயும் வெள்ளியும் காலை பதினோரு மணிக்கு, வானொலியில் என் கடை விளம்பரத்துக்கு முன்னால் ஒரு டாங்கோவும் பின்னால் ஒரு டாங்கோவும் பாட வேண்டும். அவள் வாசலைத் தாண்டியதும் நான் துணிக் கட்டுகளுக்குப் பின்னால் போய்ச் சிரித்தேன். அவளும் தெருமுனை திரும்பியதும் சிரித்தாளாம், பிற்பாடு சொன்னாள்.

என் பெயர் நசீப் தராபுல்சி. ஓன்ஸே பேட்டையில் துணிக்கடை. புவெனஸ் அயர்ஸ் முழுக்க என்னைத் துருக்கன் என்றுதான் கூப்பிடும். எங்கள் குடும்பத்தில் துருக்கியைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. அப்பா சிரியாவிலிருந்து கப்பலேறியபோது அவர் கையிலிருந்த தாளில் துருக்கிச் சுல்தானின் முத்திரை இருந்தது, அவ்வளவுதான் சம்பந்தம். எதிர்க்கடை போலந்து யூதரை ரஷ்யன் என்பார்கள். அவருக்கும் எனக்கும் அதில் வருத்தமில்லை. பெயர் தப்பாக இருந்தாலும் வாடிக்கையாளர் சரியாக வந்துவிடுகிறார்கள்.

எதெல்வீனா, அபாஸ்தோ சந்தையில் கத்தரிக்காய் விற்கும் பியெரீனா ஸ்கார்ப்பீனோவின் ஒரே மகள். டாங்கோ பாடகர்களுக்கெல்லாம் ராஜாவான கார்டெல் வளர்ந்த பேட்டை அது. அங்கே யார் வாயைத் திறந்து பாடினாலும் உடனே ஒரு கிழவர் வந்து, "அவரு இந்த மேசையிலதான் காப்பி குடிப்பாரு" என்று தொடங்கிவிடுவார். இவள் பாடினால் மட்டும் அந்தக் கிழவர்கள் பேசவில்லை. தாழ்ந்த குரல், ஓரத்தில் கொஞ்சம் பிசிறு. துணியில் பிசிறு இருந்தால் விலையைக் குறைப்பேன். இவளிடம் அந்தப் பிசிறுக்குத்தான் விலையே. வானொலியில் அவள் பாடிய முதல் வாரம், இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டுப் பாட்டில் லயித்து, சட்டை கருகி, புதுத் துணி வாங்க என் கடைக்கு வந்தவர்களே பல பேர். விளம்பரம் என்றால் அது விளம்பரம்.

அந்த வருஷம் எல்லோர் வாயிலும் ஜப்பான். எங்கள் துறைமுகத்திலிருந்து கோதுமையும் மாட்டிறைச்சியும் ஏற்றிப் போன கப்பல்களில் டாங்கோ இசைத்தட்டும் கூடவே போயிருந்தது. பாரிஸ் அதைப் பிடித்துக்கொண்டது பழங்கதை. பின்லாந்தில் பனிக்கு நடுவே அவர்கள் மொழியிலேயே எழுதிப் பாடுகிறார்கள் என்று ஒரு மாலுமி சொன்னான். இஸ்தான்புல்லிலும் அப்படியே என்று கேள்விப்பட்டபோது என் மனைவி ஸுல்மா சொன்னாள்: "அப்பாடா, நெஜத் துருக்கன் பாடறான். நம்ம வீட்டுத் துருக்கன் சட்டைத் துணி விக்கிறான்."

தோக்கியோவிலிருந்து ஒரு நாடக அரங்கு, மேஸ்ட்ரோ எவரிஸ்தோ கந்தோனியின் இசைக்குழுவை இரண்டு மாதத்துக்குக் கேட்டு, பேசி முடிக்க ஒரு ஆளையும் அனுப்பியிருந்தது. கந்தோனியைத் தெரியாதவர் எங்கள் ஊரில் நடக்கத் தெரியாதவராகத்தான் இருக்க வேண்டும். பியானோவில் உட்கார்ந்துகொண்டு அவர் பார்ப்பதெல்லாம் ஆடுகிறவர்களின் கால்களை மட்டும். தெருவில் எதிர்ப்பட்டால்கூட முதலில் என் ஷூவைப் பார்ப்பார், பிறகுதான் "நீயா" என்பார்.

அவர் குழுவுக்கு சூட் துணி எடுக்க வந்தார்.

"பதினோரு பேருக்கு. சாம்பல் நிறம், இங்கிலீஷ் கம்பளி. அழுது புலம்பாம ஒரே வெலையா சொல்லு, துருக்கா."

"மேஸ்ட்ரோ, கொள்முதல் வெலைக்கே தரேன்."

அவர் இரண்டடி பின்வாங்கினார். துணிக்கடைக்காரன் கொள்முதல் விலைக்குத் தருகிறேன் என்றால் யாரும் முதலில் தன் பணப்பையைத் தடவிப் பார்ப்பார்கள்.

"என்ன வேணும் ஒனக்கு? நேரா சொல்லு."

"ஞாயித்துக்கிழமை சாயங்கால ஆட்டத்துக்கு ஜப்பான்காரர் வர்றாருல்ல, அன்னிக்கி எதெல்வீனா பாடணும்."

"பொம்பளையா? என் குழுவுலயா?" கந்தோனி என் கம்பளியைக் கையிலிருந்து கீழே போட்டார். "நான் காலுக்கு வாசிக்கிறவன்டா. பொம்பளை பாடினா ஜனம் ஆடறத விட்டுட்டு வாயப் பொளந்துகிட்டு நிக்கும். நின்ன காலை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

உள்துணி பொறுக்குவதுபோலக் கடையின் கோடியில் நின்றிருந்த எதெல்வீனா அங்கிருந்தே சொன்னாள்: "உங்க ஓஸ்மார் பாடறப்ப யாரும் நிக்கறதில்ல, நெசந்தான் மேஸ்ட்ரோ. காதுல விழுந்தாத்தானே நிப்பாங்க."

ஓஸ்மார் அவருடைய ஆண் பாடகன். சீப்பு போன இடம் தெரியாமல் தலை வாருவான், குரலும் அப்படியே வழுவழு. கந்தோனி சிரிக்கக் கூடாது என்று பார்த்தார். முடியவில்லை.

"சந்தை வாயி!"

"சந்தையிலதான் பொறந்தேன். அங்க நின்னு பாட்டு கேட்டா மூட்டை தூக்கறவன் இடிச்சிட்டுப் போயிருவான். காலு நகர்ந்துகிட்டே இருக்கப் பாட எனக்குத் தெரியாதா?"

"சரி. ஒரே ஒரு பாட்டு. தரையில ஒரு ஜோடி கால் நின்னாலும் அத்தோட முடிஞ்சுது. ஜப்பானும் கெடையாது, என் கண்ணுலயும் படக் கூடாது."

"சம்மதம்" என்றாள் அவள்.

"தையக்கூலி உங்க பக்கம்" என்றேன் நான். அதையும் சொல்லி வைக்காவிட்டால் என் அப்பா கல்லறையில் புரண்டு படுப்பார்.

அவர் போன பிறகு எதெல்வீனா என் மேசை மேலேயே ஏறி உட்கார்ந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அண்ணே, உங்க மேல கோவமில்ல. ஆனா என் கொரலு இந்த ஊர்ல காலையில பதினோரு மணிக்குத் துணி விக்குது. பொம்பளைக்கு அதுக்கு மேல எடமில்லங்கறாங்க. ஜப்பான்ல ஒரு அரங்கத்து வாசல்ல பலகை வச்சு, என் பேரை எழுதி, வெளக்குப் போடுவாங்க. அத ஒரு தடவ பாத்துட்டா போதும்."

"ஜப்பான் எழுத்துல எழுதுவாங்க. ஒம் பேருதான்னு எப்படித் தெரியும்?"

"என் பேரு இல்லேன்னா வெளக்க ஒடைப்பேன்" என்றாள்.

ஜப்பானிலிருந்து வந்தவர் பெயர் குவாபரா. ஒசாகா ஊரில் மூன்று தலைமுறை அரிசி வியாபாரம் செய்த வீட்டுப் பிள்ளை, டாங்கோ பைத்தியம் பிடித்து வீட்டை விட்டு அரங்க வேலைக்கு வந்தவர். அவரை ஞாயிறன்று ஓட்டலிலிருந்து கூட்டிவரும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் ஸ்பானிஷ் பேசினார், அதுவும் சுத்தமாக. ஆனால் கற்றுக்கொண்டதெல்லாம் டாங்கோ இசைத்தட்டிலிருந்து. ஆகவே கைவிடப்பட்ட காதலனும் சிறையிலிருந்து திரும்பியவனும் பேசுகிற ஸ்பானிஷ்தான் அவர் வாயில் முதலில் வரும். ஓட்டல் பையனிடம் சாவியை நீட்டி, "வஞ்சகி, இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன், எட்டு மணி வரைக்கும்" என்றார். அந்தப் பையன் கண் கலங்கி, டாக்சிக் கதவை அவனே ஓடி வந்து திறந்தான்.

அல்மாக்ரோ பேட்டைக் கிளப்பில் கூடைப்பந்து மைதானம்தான் ஞாயிற்றுக்கிழமை ஆடுகளம். மாலை ஆறு மணி, எங்கள் ஊருக்குக் கோடையான பிப்ரவரியின் வெயில் இன்னும் மேற்குச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. பாதி ஊர் கடற்கரைக்குப் போயிருந்ததால் நன்றாக ஆடத் தெரிந்த பெண்கள் ஒரு டஜன் பேருக்கு மேல் இல்லை. அவர்கள் ஒரு பக்கம், அம்மாக்களோடு. ஆண்கள் எதிர்ப்பக்கம், மதுக்கடை ஓரம். எதெல்வீனாவின் அம்மா பியெரீனாவும் மகள் பாடுகிறாள் என்று சந்தை ஏப்ரனைக் கழற்றிவிட்டு, பச்சைப் பட்டு உடுத்திப் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என் ஸுல்மாவையும் அவள் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, குவாபராவுக்கு மைதானத்தின் ஓரத்தில் நல்ல மேசையாகப் பிடித்து, வெர்முத் மதுவும் ஆலிவும் பாலாடைக்கட்டியும் சொன்னேன்.

ஓஸ்மார் ஏழு மணிக்கு வானொலி நிலையத்தில் இருக்க வேண்டும். அதனால் முதல் கட்டு நாலு பாட்டையும் அவன் பாடினான், முத்தங்களை விசிறினான், டாக்சியில் பறந்தான். குழு இளைப்பாறியது. அடுத்து எதெல்வீனா. நான் மேடைக்குப் போனேன். அவள் பதினெட்டு மீட்டரும் தெரியும்படி தைத்து உடுத்தியிருந்தாள்.

"எப்படி இருக்கு அண்ணே?"

"கடை பேரை முதுகுல தச்சிருக்கலாம்."

"போங்க அப்பால."

இந்த இடைவேளையில்தான் எங்கள் ஊரில் எல்லாக் காரியமும் நடக்கும். யாரும் எழுந்து போய் "ஆட வர்றியா" என்று கேட்பதில்லை. கேட்டு, அவள் மாட்டேன் என்றால், அத்தனை பேர் நடுவில் திரும்பி நடந்து வர எவனுக்குத் துணிச்சல் உண்டு? அதனால் பெண் எதிர்ப்பக்கம் பார்ப்பாள். அவளுக்குப் பிடித்தவன் கண்ணைச் சந்தித்தால் பார்வையை விலக்க மாட்டாள். அவன் லேசாகத் தலையசைப்பான். அவளும் அசைப்பாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அவன் வரும்வரை அவள் நாற்காலியை விட்டு எழ மாட்டாள், வேறு எவனையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டாள். நோட்டரி வைத்துக் கையெழுத்துப் போட்டாலும் இவ்வளவு பலம் கிடையாது.

குவாபராவுக்கு இது தெரியாது. அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியவில்லை. டாங்கோவைக் கரைத்துக் குடித்தவருக்கு இதைச் சொல்வதா என்று இருந்துவிட்டேன். அந்த மைதானத்தில் அன்றைய புதுச் சரக்கு அவர்தான். கறுப்பு சூட், வெள்ளிக் கண்ணாடி, நிமிர்ந்த முதுகு. பெண்கள் வரிசை முழுக்க அவரைப் பார்த்தது. ஒருத்தி தன்னைப் பார்க்கும்போது பார்க்காததுபோல இருப்பது அவர் ஊரில் மரியாதை இல்லை. அவர் உட்கார்ந்தபடியே, கண்ணில் கண் பட்ட ஒவ்வொருத்திக்கும் அழகாகத் தலை வணங்கினார். பிறகு ஆலிவ் சாப்பிட்டார்.

மேஸ்ட்ரோ முதல் இசையைத் தொடங்கியபோது தரையில் இறங்கியது மூன்றே ஜோடி. அவர்களும் பெண்கள் வரிசையையே திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடுவில் நின்றுவிட்டார்கள். மதுக்கடை ஓரத்தில் ஆண்கள் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எதெல்வீனா வாய் திறக்கும் முன்பே கந்தோனி வாசிப்பை நிறுத்திவிட்டார்.

"பாத்தியா துருக்கா! இன்னும் பாடவே இல்ல, அதுக்குள்ள தரை காலி. நான் சொன்னேனா இல்லியா?"

எதெல்வீனா என்னைப் பார்த்தாள். கடை மேசை மேல் உட்கார்ந்து விளக்கை உடைப்பேன் என்று சொன்னவளின் முகம் அது இல்லை.

"ஒரு நிமிஷம் மேஸ்ட்ரோ" என்று நான் ஓடினேன். முதலில் ஸுல்மாவிடம்.

"ஏன் யாரும் ஆடல?"

"வாக்குக் குடுத்தாச்சு, அதான். அந்த ஜப்பான்காரரு தலையசைச்சாரு. நாங்க பதிலுக்கு அசைச்சோம். அவரு வரணும்ல?"

"நாங்கன்னா?"

ஸுல்மா விசிறியைத் திறந்தாள். "ஏழு பேரு."

"நீயுமா?"

"ஒரு கண்ணியமான மனுஷன் தலையசைச்சா மூஞ்சியத் திருப்பிக்கச் சொல்றீங்களா? நீங்க எனக்கு எப்ப கடைசியா தலையசைச்சீங்க? நம்ம கல்யாணத்துலயா, அதுக்கு முந்தியா?"

பக்கத்து நாற்காலியில் பியெரீனா முழங்கையால் என்னை இடித்தாள். "நானும்தான் அசைச்சேன். எம் புருஷன் போயி ஆறு வருஷமாச்சு. ஒருத்தர் கூப்பிடறாருன்னா சும்மாவா? இப்ப அவரு அங்க ஒக்காந்து ஆலிவ் தின்னுகிட்டிருக்காரு. இது எந்த ஊரு நியாயம்?"

ஏழு பேரில் ஒருத்தியான தையற்காரிப் பெண்ணின் அண்ணன் ஏற்கெனவே சண்டைக்குக் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் குவாபராவிடம் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. வாயிலிருந்த ஆலிவ் கொட்டையை எங்கே துப்புவது என்று தெரியாமல் விழுங்கிவிட்டார்.

"ஏழு இதயங்களை ஒரே மாலையில் நொறுக்கிய பாவி நான்" என்றார், அவர் ஸ்பானிஷில். "எங்க ஊர் ஆட்டக் கூடத்துல டிக்கெட் வாங்கி ஆடுவோம், சார். தலைய ஆட்டினா வணக்கம்னு அர்த்தம்."

"ஆடத் தெரியுமா?"

"இருபது வருஷமா."

"அப்ப பொழச்சோம். வாங்க பேசுவோம்."

என் வாழ்நாளில் நான் எத்தனையோ பேரம் பேசியிருக்கிறேன். ஒரு மனிதனின் இரண்டு கால்களை ஏழு பெண்களுக்குப் பங்கு போட்டது அன்றைக்குத்தான். எங்கள் வழக்கப்படி ஒருத்தியோடு இறங்கினால் நாலு பாட்டுக் கட்டு முழுக்க அவளோடுதான் ஆட வேண்டும். நடுவில் விட்டுவிட்டு வந்தால் அவளை அத்தனை பேர் முன்னால் அறைந்ததற்குச் சமம்.

"ஆளுக்கு நாலு பாட்டு. அதான் மொறை" என்று தொடங்கினாள் தையற்காரி.

"அம்மணி, நாளைக்கி விடிஞ்சிரும். ஆளுக்கு அரைப் பாட்டு."

"அரையா? நான் என்ன மிச்சத் துணியா?"

"சரி, முக்கால்."

"ரெண்டு பாட்டு" என்றாள் என் மனைவி. எதிரணியில் உட்கார்ந்துகொண்டு அவள் பேரம் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. கடையில் இத்தனை வருஷம் என்னிடமிருந்து எல்லாவற்றையும் கற்றிருந்தாள்.

குவாபரா கையைத் தூக்கினார். "நான் அசைச்சது ஏழு தலை. ஏழும் என் கடன். ஒரு பாட்டுக்குக் கொறஞ்சு யாருக்கும் வேண்டாம்."

"ஆளுக்கு ஒரு முழுப் பாட்டு" என்றேன் உடனே. "அவரே நாற்காலி வரைக்கும் வந்து கூட்டிட்டுப் போவாரு, அவரே கொண்டுவந்து ஒக்கார வைப்பாரு, அம்மாக்களுக்கு வணக்கம் சொல்வாரு. நடுவுல விட்டுட்டுப் போனதா யாரும் பேசக் கூடாது. கணக்குத் தீர்ந்தவங்க தீர்ந்த ஒடனே யாரோட வேணும்னாலும் ஆடலாம்."

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பியெரீனா தலையசைத்தாள். ஆயிற்று.

"எனக்குக் கடைசி" என்றாள் அவள். "பாடறவளோட அம்மா முன்னாடி போனா சிபாரிசுன்னுவாங்க."

அப்புறம்தான் பெரிய பேரம். மேடைக்குப் போய், "மேஸ்ட்ரோ, ஏழு பாட்டு வேணும்" என்றேன்.

"ஒண்ணுன்னு பேச்சு!"

"அந்த ஏழு பேரும் கணக்குத் தீரற வரைக்கும் வேற யாரோடயும் ஆட மாட்டாங்க. தரை காலியாத்தான் கெடக்கும். உங்க ஓஸ்மார் இப்ப வானொலியில சோப்பு விளம்பரத்துக்குப் பாடிக்கிட்டிருப்பான். இருக்கறது இவதான். காலு வேணுமா, வேண்டாமா?"

கந்தோனி காலியான தரையைப் பார்த்தார். பட்டினி கிடப்பவன் மூடிய ஓட்டலைப் பார்ப்பதுபோல.

"ஆனா ஒரு ஜோடி நின்னாலும்..."

"தெரியும்" என்றாள் எதெல்வீனா. "வாசிங்க."

மடிமேல் அக்கார்டியன்போல வைத்திருந்த நாலு துருத்திப் பெட்டிகளும் ஒரே மூச்சாக விரிந்தன. அவள் பாடினாள், கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு. தாளத்தை விட்டு ஒரு நூலிழை விலகவில்லை. சொற்களைக் காய்கறி எண்ணிப் போடுவதுபோல ஒவ்வொன்றாகக் காலடியில் போட்டாள். குவாபரா தையற்காரியை அழைத்துக்கொண்டு இறங்கினார். மதுக்கடை ஓரத்தில் முறைத்துக்கொண்டிருந்த கூட்டம் குவளையைக் கீழே வைத்தது. அந்த மனிதர் ஆடினார் என்று சொன்னால் போதாது. ததும்பத் ததும்ப நிரப்பிய கோப்பையைச் சிந்தாமல் எடுத்துப் போவதுபோல அவளைக் கொண்டுபோனார். கோட்டைக் கழற்றிய அண்ணன் அதை மறுபடி மாட்டிக்கொண்டான்.

இரண்டாம் பாட்டில் பேக்கரிக்காரர் மகள். மூன்றாவது ஸுல்மா. திரும்பி வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "என் பாதம் ரெண்டும் அதது எடத்துல இருக்கு. ஒருத்தரோட ஆடினப்புறம் இப்படி இருக்கறது இதான் மொத தடவ."

"நான் மிதிச்சது ஒரே ஒரு தடவ."

"ஒரே ஒரு பாட்டுதான் ஆடினோம்."

ஒருத்தி கணக்குத் தீர்ந்து வந்ததும் அவளுக்காகக் காத்திருந்தவன் தலையசைப்பான், அவள் அவனோடு இறங்குவாள். இப்படித் தரை நிரம்பிக்கொண்டே வந்தது. பியானோவில் கந்தோனி கீழே பார்த்துச் சிரித்தபடி வாசித்தார். ஆறாவது பாட்டில் அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அவருக்குப் பிடித்த கூட்டம், பிடித்த சத்தம், ஷூக்கள் சிமெண்டில் உரசும் சத்தம். எதெல்வீனா வேர்வையில் நனைந்திருந்தாள், கடிவாளத்தை மட்டும் விடவில்லை. இன்னும் ஒரு பாட்டு. அதுவும் முடிந்தால் ஜப்பான்.

ஏழாவது பாட்டுக்கு குவாபரா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பியெரீனாவின் நாற்காலிக்கு வந்தார். மூட்டை தூக்கியே அகன்ற தோள் அவளுக்கு. ஆனால் தரையில் இறங்கியதும் எடையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. மகளைப் பார்த்து ஒரு கண் சிமிட்டினாள்.

பாட்டு பாதியில் இருந்தது. ஊரை விட்டுப் போகிற ஒருத்தி, போகும்போது சமையலறை விளக்கை அணைக்கலாமா வேண்டாமா என்று நிற்கிற வரி. அந்த இடத்தில் எதெல்வீனாவின் குரலில் அந்தப் பிசிறு லேசாக வந்து போனது. மைதானத்தின் நட்டநடுவில் குவாபரா நின்றார்.

கால் இடறி நிற்கவில்லை. அப்படியே நின்றுவிட்டார், பியெரீனாவின் கையைப் பிடித்தபடி, முகத்தை மேடைப் பக்கம் திருப்பி. பின்னால் வந்த ஜோடி அவர்மேல் முட்டி நின்றது. அதன் பின்னால் வந்ததும் நின்றது. சந்தை வாசலில் ஒரு வண்டி நின்றால் தெரு முழுக்க நிற்குமே, அந்த மாதிரி ஒவ்வொரு ஜோடியாக நின்று, தரை முழுக்க நின்றது.

கந்தோனி குனிந்து கால்களைப் பார்த்தார். எதெல்வீனாவும் பார்த்தாள். நின்ற கால்கள். போச்சு.

அப்போது அவள் செய்ததை நான் யாரிடம் சொன்னாலும் துணிக்கடைக்காரன் மிகைப்படுத்துகிறான் என்பார்கள். அவள் சிரித்தாள். போனது போச்சு, இனி யாருக்காகப் பிடித்து வைப்பது என்று கடிவாளத்தை விட்டாள். தாளத்தைப் பின்னால் காக்க வைத்துவிட்டு அவள் பாட்டுக்குப் போனாள். அந்தச் சமையலறையில் ஒவ்வொரு பாத்திரத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விளக்குக்கு வந்தாள். துருத்திப் பெட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கந்தோனியின் கை முதலில் முரண்டு பிடித்தது, பிறகு வேகத்தைக் குறைத்து அவள் பின்னாலேயே போனது. அந்த மனிதர் பியானோவில் உட்கார்ந்து ஒரு முகத்தைப் பார்த்து நான் கண்டது அன்றுதான் முதல் தடவை. எங்கும் ஒரு ஷூ உரசவில்லை. அவள் விளக்கை அணைத்தாள். பாட்டு முடிந்தது.

கிழவர் ஒருவர் தொப்பியை எடுத்து மேலே வீசினார். அது திரும்பி வருவதற்குள் மைதானமே கத்திக்கொண்டிருந்தது.

சத்தம் அடங்க நேரமாயிற்று. கந்தோனி எழுந்து என் பக்கம் திரும்பினார். "காலு நின்னுருச்சு, துருக்கா" என்றார். ஆனால் குரலில் வெற்றி இல்லை. பேச்சு பேச்சுதானே என்று வேண்டாவெறுப்பாகச் சொல்லும் குரல்.

எதெல்வீனா, "நின்னுருச்சு மேஸ்ட்ரோ. நான் ஒத்துக்கறேன்" என்றாள்.

அதற்குள் குவாபரா பியெரீனாவையும் இழுத்துக்கொண்டே மேடைக்கு வந்துவிட்டார்.

"துரோகி!" என்றார் கந்தோனியைப் பார்த்து. "இந்தக் குரலை எந்த இருட்டில் எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தாய்?"

கந்தோனி திகைத்தார். "அவ பாடினா யாரும் ஆட மாட்டேங்கறாங்க சார். பாத்தீங்கல்ல."

"ஆடறதா? எங்க?"

"உங்க அரங்குலதான்."

குவாபரா வெள்ளிக் கண்ணாடியைக் கழற்றினார். "மேஸ்ட்ரோ, எங்க அரங்குல ஆயிரத்து எண்ணூறு நாற்காலி. எல்லாம் தரையோட திருகு போட்டு முறுக்கினது. ஒரு ஆள் ஆடக்கூட எடமில்ல. ஜனங்க டிக்கெட் வாங்கி, உக்காந்து, இருமக்கூட மாட்டாங்க. ஊர்ல டாங்கோ போடற காப்பிக்கடை இருக்கு, அங்கயும் அப்படித்தான். பேசினா வெளிய அனுப்பிருவாங்க. ஆடறதுக்கு வேற கூடம் இருக்கு, எங்ககிட்ட வர்றவங்க கேக்கறவங்க."

கந்தோனி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஆயிரத்து எண்ணூறு நாற்காலியா? அப்ப ரெண்டு மாசம் நான் யாரு காலைப் பாத்து வாசிக்கிறது?"

"என் காலைப் பாத்து வாசிங்க மேஸ்ட்ரோ" என்றாள் எதெல்வீனா. "மேடையில நின்னுகிட்டுத்தான் இருப்பேன், ஆனா நல்ல ஷூ போட்டிருப்பேன்."

அவர் சிரித்தார், நாலு துருத்திப் பெட்டிகளும் சிரித்தன. குவாபரா கையை நீட்டினார், எதெல்வீனா அதைப் பிடித்து ஆட்டினாள், விடவே இல்லை. "பலகையில பேரு?" என்று கேட்டாள். "வெளக்கோட" என்றார் அவர். "எங்க எழுத்துலயும் உங்க எழுத்துலயும்." அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். வேர்வையும் கண்ணீருமாக என் சட்டை காலர் போயிற்று. போனால் போகட்டும். காலர் துணி என்னிடம் நிறைய இருக்கிறது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தபோது பியெரீனா மட்டும் நகரவில்லை. குவாபராவின் இடது கை இன்னும் அவள் கையில் இருந்தது.

"அதெல்லாம் சந்தோஷம்" என்றாள். "எம் பாட்டு என்னாச்சு?"

"அம்மா?"

"பாதியில நின்னுட்டீங்க. மீதிய ஆடல. எம் மக பாடினான்னு நான் சும்மா விட்டுருவேனா? சந்தையில அரைக் கிலோ கொறஞ்சா அரைக் கிலோ போட்டுட்டுத்தான் போகணும்."

"இப்பவே ஆடிரலாம்" என்றார் அவர் பதறி.

ஆனால் பெட்டிக்காரர்கள் வாரை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அடுத்து பிங்கோ விளையாட்டுக்கு மைதானம் வேண்டும் என்று கிளப் செயலாளர் நாற்காலிகளை இழுத்துப் போடத் தொடங்கியிருந்தார். குவாபரா ஒசாகா வியாபாரி வீட்டுப் பிள்ளை. ஒரு கணம் யோசித்து, "நாளைக்கு வெளியூர் கெளம்பறேன், கப்பல் நாள்லதான் திரும்புவேன். ரெண்டு மாசக் கச்சேரி முடிஞ்சதும் உங்க மகளை நானே கொண்டுவந்து விடறேன். வட்டியோட ஆடறேன்" என்றார்.

"வட்டி வேண்டாம்" என்றாள் பியெரீனா. "இவரை சாட்சி வச்சுக்கறேன்" என்று என்னைக் காட்டினாள்.

ஏப்ரலில் கப்பல் புறப்பட்டது. பதினோரு சாம்பல் நிற சூட்டுகள் மேல்தளக் கைப்பிடிக் கம்பியோரம் வரிசையாக நின்றன. நடுவில் எதெல்வீனா, கையை ஆட்டிக்கொண்டு, ஏதோ பாடிக்கொண்டு. கப்பல் சங்கு அதை விழுங்கிவிட்டது. அவள் பக்கத்தில் குவாபரா எங்களுக்கெல்லாம் தலை வணங்கினார். கரையில் நின்ற பெண்களில் ஒருத்தியும் பதிலுக்குத் தலையசைக்கவில்லை. எல்லோரும் ஜாக்கிரதையாகக் கைக்குட்டையை மட்டும் ஆட்டினார்கள்.

பியெரீனா மட்டும் இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, சந்தைக்கே கேட்கும் குரலில் கத்தினாள். சாட்சி என்ற முறையில் நான் அதை இங்கே எழுதி வைக்கிறேன்: அசைத்த தலை ஏழு, ஆடித் தீர்ந்தது ஆறரை, பியெரீனா ஸ்கார்ப்பீனோவுக்கு வர வேண்டிய பாக்கி அரைப் பாட்டு.